நாற்பத்தோராம் நம்பர் மெஷின்

1994 ஜூலை 18, திங்கட்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, கருமடை கூட்டுறவு நூற்பாலையின் முதல் ஷிப்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலையில் இருந்ததாக வாசல் பலகையில் தொங்கிய அறுநூற்றுப் பன்னிரண்டு பித்தளை டோக்கன்கள் சொல்லின. அவர்களில் ஒருவரான மருதாசலம் அந்த நேரத்தில் ஆலைக்கு இரண்டு மைல் தள்ளி, கருமடை அணையின் தென்கரையில், முழங்காலளவு தண்ணீரில், மூங்கில் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. பத்தொன்பது வருடமாக நூற்புப் பிரிவில் வேலை. ஓடும் மெஷினில் இழை அறுந்தால், மெஷினை நிறுத்தாமல், அறுந்த இரண்டு முனைகளையும் விரல் நுனியில் பிடித்து ஒட்ட வேண்டும். ஷிப்டு முழுக்க அதையே செய்ய வேண்டும். அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் பொய் சொல்லி ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. முந்தின வியாழக்கிழமை சைக்கிளில் கரையோரம் வந்தபோது, தண்ணீரின் ஓரிடத்தில் மிளகாய்ப்பொடி தூவியது போலச் சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் சுழன்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். விரால் குஞ்சுகள் அப்படித்தான் இருக்கும். குஞ்சு மேலே சிவந்தால் தாய் அடியில் கிடக்கும் என்பது கருமடையில் மீன் பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். அன்று அந்தத் தாய் ஒரு தடவை மூச்சுவிட மேலே வந்தது. புள்ளி விரால். தலை மட்டும் உரிக்காத தேங்காய் அளவு இருந்தது. முதுகுப் புள்ளிகள் ஒவ்வொன்றும் பழைய ஓட்டைக் காலணா அகலம். மருதாசலம் லீவு கேட்டார். மூன்று பேர் ஏற்கெனவே லீவில் இருப்பதாகச் சொல்லி மேஸ்திரி மறுத்துவிட்டார்.

ஆகவே மற்றவர்கள் செய்வதை அவரும் செய்தார். ஆலையில் பதிலிகள் என்று ஒரு கூட்டம் உண்டு. ஷிப்டுக்கு ஷிப்டு வாசலில் வந்து நிற்பார்கள். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராவிட்டால் அந்த இடத்துக்கு இவர்களில் ஒருவரைக் கூப்பிடுவார்கள். எல்லோரும் வந்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சவரிமுத்து அப்படி நாலு வருடமாக நின்றுகொண்டிருந்த இருபத்தாறு வயதுக்காரன். அன்று காலை வாசல் டீக்கடையில் மருதாசலம் அவனைத் தனியே கூப்பிட்டு டோக்கனைக் கையில் வைத்தார்.

"ஒரே ஒரு ஷிப்டு என் பேருல நில்லு சவரி. மூணு மணிச் சங்குக்கு வந்து வாங்கிக்கறேன்."

"மேஸ்திரி கேட்டா என்னங்கண்ணா சொல்றது?"

"மேஸ்திரி மெஷினப் பாப்பான். மூஞ்சிய எங்க பாக்கறான்?"

"மீன் மாட்டுனா எனக்கு?"

"தலை உனக்கு. தேங்காயத் திங்கற மாதிரி ஒடச்சுத் திங்கலாம்."

சவரிமுத்து அன்று மருதாசலமாக உள்ளே போனான். மருதாசலம் அணைக்குப் போய், முள்ளில் தவளையைக் கோத்து, சிவப்புக் கூட்டத்தின் நடுவே வீசினார். தவளை விழுந்ததும் விரால் கவ்வியது. அதுதான் அந்த ஏழு பத்து. அவர் இழுத்தார், அது இழுத்தது. அவர் ஓரடி பின்னால் வந்தார், பிறகு அது அவரை ஓரடி முன்னால் கொண்டுபோனது. அதன்பின் இரண்டு பேரும் அசையவில்லை. தூண்டில் நரம்பு விறைத்து, ஓடும் மெஷினில் இழை அதிர்வது போல அதிர்ந்துகொண்டே இருந்தது. மீன் வரவுமில்லை, போகவுமில்லை, நரம்பு அறவுமில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. சங்கு ஊதும்போது விரால் முதுகைத் தண்ணீருக்கு மேல் ஒருமுறை காட்டிவிட்டுத் திரும்பவும் அடியில் போனது. மருதாசலம் நின்ற இடத்திலேயே நின்றார்.

சவரிமுத்து நாலு மணிக்குக் கரைக்கு வந்தபோது, மருதாசலத்துக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கருமடையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆலையின் முதல் விதி அது. ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு ஒருத்தன் போகக் கூடாது. மாற்றாள் வர வேண்டும், வந்து மெஷின்மேல் கை வைக்க வேண்டும், வைத்த பிறகுதான் முன்னவன் கையை எடுக்க வேண்டும். சாவுச் செய்தி வந்தாலும் அப்படித்தான், பிள்ளை பிறந்தாலும் அப்படித்தான், வயிற்றைக் கலக்கினாலும் அப்படித்தான். கை வைத்தவன் அந்த நிமிஷத்திலிருந்து பொறுப்பு. அடுத்தவன் வந்து கை வைக்கிற வரைக்கும் அவன் பொறுப்பு. இந்த ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே இதைக் கற்றுக்கொண்டார்கள். அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போகும்போதுகூட "கை வெச்சுக்கோ" என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள்.

"டோக்கன் கொண்டாந்திருக்கறனுங்க" என்றான் சவரிமுத்து.

"நீயே வெச்சிரு. நாளைக்கும் நீயே போ. இத முடிச்சுட்டு வந்துடறேன்."

"பெருசுங்களாண்ணா?"

"பெருசுதான்." கொஞ்ச நேரம் கழித்து மருதாசலம் கேட்டார்: "ஒரு நிமிஷம் பிடிக்கறயா? ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்."

சவரிமுத்து அணையைப் பார்த்தான், ஆலை இருக்கும் திசையைப் பார்த்தான். "அப்படியே தண்ணிக்குள்ள போயிருங்கண்ணா. யாரு பாக்கறா" என்றான்.

அவர் அப்படியே செய்தார்.

நாலாவது நாள் ஆலையின் லேபர் ஆபீசர் வைத்தியலிங்கம் ஜீப்பில் வந்தார். நேர்மையான மனிதர், வெயில் தாங்காதவர். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"மருதாசலம், நீங்க டூட்டியில இருக்கீங்களா, இல்லையா?"

"இருக்கறனுங்க சார்."

"இதுவா டூட்டி?"

"ஓடிட்டிருக்குதுங்க. மாத்தாள் வரலீங்க."

வைத்தியலிங்கம் நரம்பைக் குனிந்து பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆலைக்குத் திரும்பிப் போய்ப் பலகையைப் பார்த்தார். மருதாசலத்தின் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. நூற்புப் பிரிவுக்குள் போய் மருதாசலத்தின் மெஷினைப் பார்த்தார். மெஷின் ஓடியது, இழை அறுந்தால் யாரோ ஒட்டினார்கள். டோக்கன் இருக்கிற ஆளை வரவில்லை என்று சொல்ல முடியாது, மெஷினை விடாத ஆளைக் கண்டிக்கவும் முடியாது என்ற முடிவுக்கு அவர் ஒரு வாரத்தில் வந்தார். ஆலையில் நாற்பது நூற்பு மெஷின்கள் இருந்தன. பன்னிரண்டாம் நாள், 41 என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதிய தகரம் ஒன்று கருவேல முளையில் அடிக்கப்பட்டு மருதாசலத்தின் பக்கத்தில் நடப்பட்டது. அதற்குப் பிறகு குழப்பம் இல்லை.

நாற்பத்தோராம் நம்பர் ஓடத் தொடங்கிய பிறகு ஊர் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது. ஃபிட்டர் பிரிவிலிருந்து ஓர் இரும்பு ஸ்டூல் வந்தது. தண்ணீர் ஏறினால் ஸ்டூலும் தகரமும் மேலே வரும், இறங்கினால் கீழே போகும். மருதாசலமும் விளிம்போடு ஏறி இறங்குவார், மீன் அதற்கு மட்டும் இடம் கொடுத்தது. வாரம் ஒரு நாள் முடிதிருத்துபவர் பழனியப்பன் வந்து இடது பக்கமிருந்தே இரண்டு கன்னத்தையும் மழித்துவிட்டுப் போனார். வாசல் டீக்கடைக்கு ஒரு கிளை கரையில் முளைத்தது. மெஷின்களுக்கு எண்ணெய் விடுகிறவர் மாதம் ஒருமுறை டப்பாவோடு வந்து, "எங்காவது விடணுமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, விட்டதாக எண்ணிக்கொண்டு போனார். சங்கு ஊதும்போதெல்லாம் விரால் முதுகைக் காட்டும், கரையில் இருப்பவர்கள் அதன் புள்ளிகளை எண்ணுவார்கள்; ஒருவர் எண்ணிக்கை இன்னொருவருக்கு ஒத்துவராது; அதில் சண்டை வரும், அந்தச் சண்டை அடுத்த சங்கு வரைக்கும் போகும். சிவப்புக் குஞ்சுகள் இரண்டு மாதத்தில் கறுத்து வளர்ந்து ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டன. தாய் போகவில்லை. அது ஏன் என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள், பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஆயுத பூஜையன்று ஆலையில் எல்லா மெஷின்களையும் நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். அந்த வருடம் நாற்பது மெஷின்களுக்கும் வைத்துவிட்டுப் பூசாரியும் தொழிலாளர்களும் மேளத்தோடு கரைக்கு வந்து, நாற்பத்தோராவதும் நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள். நிற்கவில்லை. பூசாரி ஆறடி நீளக் குச்சி ஒன்றின் நுனியில் சந்தனத்தைத் தொட்டு, கை நீட்டி, மூங்கிலில் வைத்தார். அதே குச்சியால் குங்குமமும் வைத்தார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கைகளும் பின்னால் இருந்தன.

மருதாசலத்தின் மகள் கல்யாணமும் கரையில்தான் நடந்தது. மணமக்கள் காலில் விழுந்தபோது மருதாசலம் இடது கையால் ஆசீர்வதித்தார். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். "வலது கை டூட்டியில இருக்குதுங்க" என்று டீக்கடைக்காரர் சொன்னதும், அவர்களும் மில் தொழிலாளிக் குடும்பம் என்பதால், சமாதானமாகிவிட்டார்கள்.

ஊரில் எல்லோரும் அவர்மேல் பாசமாக இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சங்கச் செயலாளர் கனகசபை அந்த வருடக் கோரிக்கைகளில் 'நாற்பத்தோராம் எண்ணுக்கு ரிலீவர் நியமனம்' என்பதை ஏழாவதாகச் சேர்த்தார். நிர்வாகம் அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் நடந்தது. வேலைநிறுத்தம் செய்த அத்தனை பேரும் அணைக்கரைக்கு வந்து உட்கார்ந்தார்கள். கனகசபை ஒரு மணி நேரம் பேசினார். தனியொரு தொழிலாளியின் முதுகில் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்று அவர் சொன்னபோது பெண்கள் அழுதார்கள்.

பேச்சு முடிந்து அவர் தண்ணீர் குடிக்கும்போது மருதாசலம் மெதுவாகக் கூப்பிட்டார். "தோழரே, ஒரு கை வெச்சீங்கன்னா நான் அந்த மரத்தடியில அரை மணி நேரம் நீட்டிப் படுத்துட்டு வந்துருவேன்."

கனகசபை சொம்பைக் கீழே வைத்தார். "உங்க கஷ்டம் புரியுது தோழர். ஆனா தனி மனுஷன் உதவி பண்ணினா பிரச்சினை தீராது. அமைப்பு மூலமா நிரந்தரத் தீர்வு வரணும்."

"அரை மணி நேரந்தான் கேட்டேன்."

"அதான் தப்பு. நாம முழுசாக் கேக்கணும்."

கூட்டம் கைதட்டியது. கைதட்டிய கைகள் உடனே பின்னால் போயின.

1997இல் மீன்வளத் துறையிலிருந்து கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் ஜீப்பில் வந்தார். அணையில் மீன்குஞ்சு விடுவது பற்றி விசாரிக்க வந்தவர். மருதாசலத்தையும் தகரத்தையும் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்ததும், "அப்ப விட்டுட வேண்டியதுதானே?" என்றார்.

டீக்கடையில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாருக்கு எந்த ஆபீஸ்ல வேலை?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

சொன்னார்.

"அங்க ஓடற மெஷின் ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருக்கு."

"அதானே பார்த்தேன்."

இளைஞர் பேனாக்கத்தியை எடுத்து நரம்பை அறுத்துப் பார்த்தார், கத்திதான் மழுங்கியது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எங்க, நான் இழுத்துப் பாக்கறேன்" என்று தூண்டில்கழியை நோக்கிக் கையை நீட்டினார். கரையில் அப்போது முப்பது பேராவது இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. தெரியாதவன் ஒருவன் தானாக வந்து கை வைக்கப் போகிறான், மருதாசலம் வீட்டுக்குப் போகலாம், யாருக்கும் பழியில்லை. கை ஒரு சாண் தூரத்துக்கு வந்தது.

"தொடாதீங்க தம்பி" என்றார் மருதாசலம். "தொட்டா நீங்கதான். அப்புறம் உங்களுக்கு யாரு வருவா?"

இளைஞர் கையை எடுத்துக்கொண்டார். ஊர் அதற்காக மருதாசலத்தைக் கொஞ்ச நாள் மன்னிக்கவில்லை. நாம் இத்தனை பேர் அவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், அவனுக்கே அவன்மேல் அக்கறை இல்லையே என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் அவருக்குத் தினமும் சோறு கொண்டுவந்தவன் சவரிமுத்து. காலையில் மருதாசலத்தின் வீட்டுக்குப் போய், அவர் மனைவி தெய்வானை கொடுக்கும் டிபன் கேரியரை வாங்கி, கரையில் கொடுத்துவிட்டு ஆலைக்குப் போவான். ஆலைக்குள் அவனை மருதாசலம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். முதலில் கேலியாக, பிறகு பழக்கமாக. மருதாசலம் பெயரில் ஊதிய உயர்வு வந்தது, மருதாசலம் பெயரில் நல்ல தொழிலாளி என்று ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். சம்பளத்தை அவனும் தெய்வானையும் பகிர்ந்துகொண்டார்கள், அதில் தகராறு வந்ததில்லை. ஒரு தடவை அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், ஆலையில் விசாரித்துவிட்டு வந்தவர்கள், சவரிமுத்து என்று அங்கே யாரும் வேலை செய்யவில்லையாமே என்றார்கள். இல்லை என்று அவனும் ஒத்துக்கொண்டு திரும்பி வந்தான். மருதாசலம் மீண்டு வந்தால் தன் இடம் மறுபடியும் வாசலுக்கு வெளியேதான் என்பது அவனுக்குத் தெரியும். அது மருதாசலத்துக்கும் தெரியும். கேரியரைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரண்டு பேரும் குழம்பைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

தெய்வானை சாயங்காலங்களில் வருவாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவரை அழுக்கு போகத் தேய்த்துவிடுவாள், சட்டையை மாற்றிவிடுவாள். வலது கையைக் கழியிலிருந்து எடுக்க முடியாததால் சட்டையின் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பொத்தான் வைத்துத் தைத்திருந்தாள். ஐந்தாம் வருடக் கோடையில், தண்ணீர் நடு அணைக்கு இறங்கி அவரும் சேற்றில் தூரமாய் இறங்கியிருந்தபோது, ஒரு நாள் விடிந்ததும் வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்து வந்து நின்றாள்.

"நகருங்க. நான் கை வெக்கறேன்."

"பொம்பளைக்கு நைட் ஷிப்டு கிடையாது புள்ள. சட்டம் அப்படி."

"நைட்டு யாரு நிக்கறேன்னா? இப்பத்திலிருந்து விளக்கு வெக்கற வரைக்கும் நான் நிக்கறேன். அப்புறம் நீங்க வாங்க. ஆளுக்குப் பாதி. அஞ்சு வருஷம் முன்னயே இத யோசிச்சிருக்கணும், கூமுட்டை மாதிரி இருந்துட்டேன்."

அவர் கழியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"என்னங்க?"

"நீ கை வெச்சா நான் வீட்டுக்குப் போவேன்."

"போங்கன்னுதான் சொல்றேன்."

"போயிக் குளிப்பேன். கட்டில்ல படுப்பேன்." அவர் நரம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விளக்கு வெக்கற நேரத்துக்குத் திரும்பி வருவனான்னு எனக்கே தெரியல தெய்வானை."

அவள் நீட்டிய கை கழிக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அந்தக் கையால் அவர் நெற்றியில் இருந்த சேற்றைத் துடைத்துவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "கத்திரிக்காய்க் கொழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது, பாத்துச் சாப்பிடுங்க" என்று கேரியரை இடது பக்கம் வைத்துவிட்டு ஏறிப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, ஒரு நாள்கூடச் சோறு தவறவுமில்லை.

2003 மார்ச் 31ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. பஞ்சு விலை, மின்கட்டணம் என்று காரணங்கள் சொன்னார்கள். மூன்று மணிக்குக் கடைசிச் சங்கு ஊதியது. சங்கு இயக்குகிறவர் கையை எடுக்க மனமில்லாமல் வழக்கத்தைவிட நீளமாக ஊதினார். விராலும் அவ்வளவு நேரம் முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தது. தொழிலாளர்கள் வரிசையில் நின்று டோக்கன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். மருதாசலம் என்று கூப்பிட்டதும் சவரிமுத்து போய்க் கொடுத்தான். பிறகு வரிசை முடியும் வரைக்கும் ஓரமாக நின்றான். சவரிமுத்து என்று யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, சங்கு ஊதாத ஏழு மணிக்கு, அவன் கேரியரோடு கரைக்கு வந்தான். அப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது, முன்நெற்றி ஏறியிருந்தது. கேரியரைக் கீழே வைத்துவிட்டு, எட்டரை வருடத்துக்கு மேலாக நின்ற அந்த நாலடி தூரத்தைத் தாண்டி வந்தான்.

"அண்ணா, இதுக்கு டோக்கன் வேணுங்களா?"

"எதுக்கு?"

"இதுல நிக்கறதுக்கு."

"டோக்கன் எதுவும் இல்லப்பா. சும்மா கை வெக்கறதுதான்."

"அப்ப என் பேருலயே நிக்கலாம்."

"சவரி, யோசிச்சுக்க."

"கேட்டுல நின்னப்ப, எவனாவது வராம இருக்கணும்னு வேண்டிக்கிட்டே நின்னவனுங்க நானு. உங்களுக்கும் அப்படித்தான் வேண்டிக்கிட்டேன், இத்தன வருஷமும்." அவன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "ஆள் வேணும்னு ஒரு இடம் இருக்குதுன்னா இப்ப இதொண்ணுதான். நகருங்க."

அவன் கை வைத்தான். முறைப்படி, முதலில் இடது கை, பிறகு வலது கை. நரம்பின் அதிர்வு தன் தோள் வரைக்கும் ஏறுவதை உணர்ந்து தலையை ஆட்டினான். மருதாசலம் கையை எடுத்தார். எடுத்த கை விரியவில்லை. கழி அதற்குள் இருப்பது போலவே வளைந்திருந்தது.

"எத்தன மணிக்கு வருவீங்க?"

"மூணு மணிக்கு." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "சங்கு ஊதினதும் வந்துடறேன்."

"வாங்க" என்றான் சவரிமுத்து.

மருதாசலம் வீட்டுக்குப் போய்க் குளித்தார். கட்டிலில் படுத்தார். கை வெறுமையாக இருந்ததால் தூக்கம் பிடிக்கவில்லை. தெய்வானை பூரிக்கட்டையைக் கொண்டுவந்து அந்தக் கைக்குள் சொருகியதும் தூங்கிவிட்டார். விழித்தபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது.

"சங்கு ஊதிருச்சா?"

"இல்லீங்க" என்றாள் தெய்வானை. அது உண்மைதான்.

மறுநாளும் ஊதவில்லை. கரை டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு நடந்தது. ஒரு கட்சி, மணி மூன்றானால் ஷிப்டு முடிந்ததுதான் என்றது. அப்படியானால் சங்கு எதற்கு என்றது இன்னொரு கட்சி. கடைசியில் கனகசபையைக் கேட்டார்கள். ஷிப்டு முடிந்ததா இல்லையா என்பதைச் சங்குதான் சொல்ல வேண்டும், தனி ஆள் முடிவு செய்ய ஆரம்பித்தால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று அவர் சொன்னார். அதோடு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சவரிமுத்துவின் முதல் ஷிப்டு முடியாமல் நீண்டது.

கேரியர் இப்போது தெய்வானை கையில் கரைக்குப் போனது. "அண்ணன் எப்படி இருக்காருங்க?" என்று சவரிமுத்து கேட்பான். "தூங்கறாரு" என்பாள், எந்த நேரமானாலும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கரைக்கு வந்து நற்கருணையை அவன் நாக்கில் வைத்துவிட்டுப் போனார். விரால் மேலே வருவது நின்றுபோனதால் புள்ளி எண்ணுகிறவர்கள் வருவதும் குறைந்தது. ஆனால் ஒன்று நடந்தது: ஊரில் எல்லோரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாக, "சவரிமுத்து, நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி ஆட்டுவான்.

மருதாசலம் கடைக்குப் போனார், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போனார், ரேஷன் வாங்கினார். தென்கரைச் சாலையில் மட்டும் போகவில்லை. சந்தைக்குப் போவதென்றாலும் மேம்பாலத்தைச் சுற்றி ஒன்றரை மைல் கூடுதலாக நடந்தார். மத்தியானம் இரண்டரை மணியானால் பேச்சு குறைந்துவிடும். மூன்றேகால் வரைக்கும் வாசற்படியில் நின்றுகொண்டு ஆலை இருக்கும் பக்கம் காதைக் கொடுப்பார். பிறகு உள்ளே போய்ப் பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு படுப்பார். ஒரு நாளும் இது தவறவில்லை. ஆலையின் மெஷின்கள் ஏலத்தில் போயின, கூரைத் தகரம் போயிற்று, சுற்றுச்சுவர்க் கற்கள் போயின. சங்கு மட்டும் துருப்பிடித்த கோபுரத்தில் கிடந்து, கடைசியில் ஒரு பழைய இரும்புக்காரருக்குப் போய், அவரிடமிருந்து ஊருக்கு வெளியே புதிதாக வந்த தேங்காய் நார் கம்பெனிக்குப் போனது.

அது ஊதியபோது மருதாசலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கை பாதி வழியில் நின்றது.

"மணி பதினொண்ணரதான் ஆகுது" என்றாள் தெய்வானை. "அது யாரோ எதுக்கோ ஊதறாங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல தொழிலாளிக்கென்று ஆலை கொடுத்த கடிகாரம். பதினொன்று இருபத்தெட்டு.

"அதே சங்கு."

"இருக்கட்டும். மூணு மணியில்ல."

"மூணு மணிக்குன்னு சொல்லீட்டு, சங்கு ஊதினதும்னு மாத்தினது நாந்தானே" என்று சொல்லிவிட்டு எழுந்து, கையைக் கழுவி, வேட்டியை மாற்றிக்கொண்டு, பூரிக்கட்டையை அடுப்படியில் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தார். தெய்வானை கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேரியரை எடுத்து, இரண்டு பேருக்குச் சோறு போட்டு மூடினாள்.

தென்கரையில் சவரிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். விரால் முதுகைக் காட்டிவிட்டு அப்போதுதான் அடியில் போயிருந்தது, தண்ணீரில் வட்டங்கள் இன்னும் விரிந்துகொண்டிருந்தன.

"கொஞ்சம் லேட்டுங்கண்ணா" என்றான்.

"ஆமாப்பா."

மருதாசலம் கை வைத்தார். ஒன்பது வருடமாக வளைந்தே இருந்த கை கழியில் சரியாகப் பொருந்தியது. சவரிமுத்து கையை எடுத்தான்.

அது 2012 பிப்ரவரி 9, வியாழக்கிழமை. மருதாசலத்துக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. ஆலையின் ஓய்வு வயதைவிட ஒன்று கூடுதல். தேங்காய் நார் கம்பெனி அன்று சங்கைச் சோதனைக்காக ஒருமுறை இயக்கியது. அந்த ஒரு முறையில் அதன் மோட்டார் எரிந்துபோனதால், மறுநாள் அதைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள்.